ஒரு சேதிக்கு ஐந்து பெயர்

1. ஆஸ்பத்திரியின் நான்கு வார்டுகளிலும் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்தோம்.
2. தினமும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு வரை நோயாளிகளுக்குப் பாட்டும் செய்தியும் போட்டோம்.
3. ஊரில் அம்மை கண்டது. உறவினர்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது.
4. வாசலில் நிற்கும் உறவினர்கள் சொல்லும் சேதியை எழுதி வாங்கி மைக்கில் வாசித்தோம்.
5. சேதிகள் பெருகின. ஒரு சேதிக்கு ஐந்து பெயர்தான் என்று நான் ஒரு விதி வைத்தேன்.
6. பெண்கள் வார்டில் தொடை எலும்பு முறிந்து படுத்திருந்த ஒருத்தி கட்டிலை விட்டு இறங்கினாள்.
7. மறுநாள் அவளுடைய தொடையை நான் எக்ஸ்ரே எடுத்தேன்.

இது, நடந்ததை எழுதிக் கொடு என்று தலைமை டாக்டர் கேட்டபோது நான் கொடுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? அதைத்தானேம்மா கேட்டேன்” என்றார்.

அன்றைக்கு என்னால் அதை எழுத முடியவில்லை. அந்த இடத்தில் எழுதத் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. அதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

கோச்சடைக்குப் போகும் சாலையில் இருந்த தர்ம ஆஸ்பத்திரி அது. சென்னையில் ஒரு வருஷம் எக்ஸ்ரே வேலை படித்துவிட்டு வந்து அங்கே சேர்ந்தேன். எக்ஸ்ரே அறையும் அதை ஒட்டி ஒரு இருட்டறையும் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை படம், எத்தனை கெட்டுப்போன படம், படம் கழுவும் மருந்து எத்தனை புட்டி என்று எழுதி வைப்பேன். யுத்த காலம். ஃபிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது. ஒரு படத்தை வீணாக்கினால் ஒரு வாரத்துக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

ஒலிபெருக்கி யோசனை என்னுடையது இல்லை. வண்டியூரிலிருந்து டவுனுக்கு வந்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர், வாசலில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். கல்யாணங்களுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கை கட்டுடன் ஒரு வாரம் ஆண்கள் வார்டில் கிடந்தார்.

“தங்கச்சி, இங்க நோவுல சாகுறவனைவிட சும்மா படுத்தே சாகுறவன்தான் ஜாஸ்தி. கூரையில எத்தனை ஓடு இருக்குன்னு நானே மூணு தடவை எண்ணிட்டேன்” என்றார்.

சீமையில் போன யுத்தத்துக்குப் பிறகே இந்த வழக்கம் வந்துவிட்டதாம். அங்கே ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு ஒரு ஹெட்போன் மாட்டியிருப்பார்களாம். ஊர்க்காரர்களே சேர்ந்து பணமும் வேலையும் கொடுத்து நடத்துவார்களாம். ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் படம் பார்த்ததாகச் சொன்னார். எங்களுக்குக் கட்டிலுக்கு ஒன்று கட்டுப்படியாகாது. வார்டுக்கு ஒரு பெட்டிதான் முடிந்தது. தன்னிடமிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் ஒரு மைக்கையும் கொடுத்தார். கை சரியானதும் ஏணி போட்டு அவரே கம்பி இழுத்தார். வால்வு, கம்பி, கரண்ட் எல்லாம் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் பெட்டியைப் போட்டு அணைக்கும் வேலை என்னிடம் வந்தது. சம்பளம் கிடையாது. வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியது.

சத்தம் வராத அறை வேண்டும் என்று தேடினோம். இருட்டறைதான் அகப்பட்டது. கனமான சுவர், ஜன்னல் இல்லை, கதவுக்கு உள்ளே கறுப்புத் துணி. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே சிவப்பு விளக்கு எரியும். யாரும் திறக்க மாட்டார்கள். ஈரம் காயாத படங்கள் கம்பியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். மருந்து வாடை கண்ணைக் கரிக்கும். அவற்றுக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, மைக்கை வைத்து உட்காருவேன். எனக்கு எதிரே ஒருத்தருடைய விலா எலும்பு, ஒருத்தருடைய முழங்கால். திருச்சி ஸ்டேஷனை ரேடியோவில் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்போம். அரை மணி நேரம் பாட்டு, செய்தி. அவ்வளவுதான். அவ்வளவுக்கே பெண்கள் வார்டில் ஐந்து மணியிலிருந்து தலை சீவிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள் என்று நர்ஸ் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கோடையில் ஊருக்குள் அம்மை பரவியது. உறவினர்கள் யாரும் வார்டுக்குள் வரக் கூடாது, குழந்தைகள் கேட்டைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். சுற்று வட்டார கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் போட்டார்கள். வாட்ச்மேனைத் திட்டினார்கள். ரேடியோக் கடை அண்ணன்தான், “இவுக சொல்றதை எழுதி மைக்குல வாசிச்சா என்ன?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பாட்டு ஓரமாகப் போய்விட்டது. நாலரை மணிக்கு நோட்டுப் புத்தகத்துடன் கேட்டுக்குப் போவேன். ஐந்தரைக்கு இருட்டறைக்கு வந்து வாசிப்பேன்.

சேதி என்றால் ஒரு வாக்கியம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை; ஊரில் எங்களைப் பட்டுநூல்காரர் என்பார்கள். டவுனில் நெசவுத் தெருவில் வளர்ந்தவள் நான். வெளியூரிலிருக்கும் சொந்தக்காரருக்கு எழுதினால், எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவோம். கிராமத்துச் சம்சாரிகளின் சேதி அப்படி இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, எந்த மாடு சினை என்று தொடங்கும். அது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, விசாரித்தவர்கள் வரிசை. மாமா கேட்டாக, அத்தை கேட்டாக, கொழுந்தன் கேட்டாரு, நாத்தனா கேட்டா. இப்படி வீட்டிலிருக்கும் அத்தனை பேரும்.

ஒருநாள் ஒருவர் இருபது பேரைச் சொல்லி முடித்துவிட்டு, “செவலைப் பசுவும் கேட்டுச்சுன்னு எழுதிக்கங்க” என்றார்.

“பசு எப்படிங்க கேக்கும்?”

“ஏன் தாயி, அது வாயில்லாத சீவன்தான். அதுக்காக அதை விட்டுற முடியுமா?”

அதையும் வாசித்தேன். ஆண்கள் வார்டில் பத்து நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லையாம்.

ஆனால் நேரம் போதவில்லை. ஆறு மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஒருநாள் ஆறு இருபது வரை வாசித்துக்கொண்டிருந்தேன். தலைமை டாக்டர் இருட்டறை வாசலுக்கு வந்துவிட்டார். “அரை மணின்னா அரை மணி. இல்லேன்னா நிறுத்திருங்க” என்றார்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் கட்டம் போட்டேன். கட்டில் எண், சேதி இரண்டு வரி, பெயர் ஐந்து. அப்படியானால் அரை மணியில் எல்லாருக்கும் இடம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மறுநாள் அண்ணனிடம் காட்டினேன்.

“அஞ்சு பேருக்கு மேல இருந்தா?”

“முக்கியமானவங்களை முதல்ல சொல்லட்டும் அண்ணே. அஞ்சோட நிறுத்திக்கலாம்.”

“முக்கியமானவுகன்னா யாரு?” என்றார். அது விளக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பட்டியல் என்றால் அவசியமானது மேலே இருக்கும். அப்படித்தான் நான் எல்லாப் பட்டியலும் போடுகிறேன்.

விதி வந்த இரண்டாம் நாள் நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார். ஒரு கிழவர், தன் இளைய மகன் பெயர் வராததால் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டானோ என்று நினைத்திருப்பார் என்று நர்ஸ் சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டேன். “ஆண்கள் வார்டு, ஒரு புகார்.” அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்ததில் ஆறாவதாக வருகிற பெண் ஒரு திருவாதவூர்க்காரி, வைக்கோல் படப்பிலிருந்து விழுந்து வந்தவள். இருபத்தி மூன்று, நான்கு வயதிருக்கும். இடது தொடை எலும்பு ஒடிந்திருந்தது. காலை நீட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் மணல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கனம் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் எலும்பு நேராக ஒட்டும். எட்டு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். மூன்று வாரம் கிடந்துவிட்டாள். படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் அடுத்த நடவுக்கு வயலில் இறங்கலாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதையே வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை வைக்கோல் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவார். வந்தால் சேதி கொடுத்துவிட்டுப் போவார். முந்தின வாரச் சேதியில், “பாப்பாவுக்கு மேலு சுடுது, பயப்பட வேணாம்” என்று இருந்தது. காய்ச்சல் என்ற அந்த வரியையும் நான்தான் வாசித்தேன்.

இந்த வாரம் வந்தார். கேட்டில் கூட்டம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. எல்லோரும் சௌக்கியம். மாமா கேட்டாக. அத்தை கேட்டாக. கொழுந்தன் கேட்டாரு. நாத்தனா கேட்டா. உங்க ஆத்தா வந்திருந்தாக, அவுகளும் கேட்டாக.

“அப்புறம் பாப்பா…” என்றார்.

“அஞ்சு பேருதாங்க வாசிப்போம்.”

“ஓ, அப்படியா?” அவர் தலையைச் சொறிந்தார். “சரி தாயி. நீங்க பாத்துச் செய்யுங்க. மாடு தண்ணி குடிக்காம நிக்குது, வாரேன்.”

போய்விட்டார். அடுத்தவர் சொல்ல ஆரம்பித்தார்.

ஐந்தரைக்கு வாசித்தேன். வார்டில் என்ன நடக்கிறது என்று இருட்டறையிலிருந்து தெரியாது. அந்தச் சேதிக்குப் பிறகு இன்னும் நாலு சேதி வாசித்திருக்கிறேன். ஐந்தாவதில் இருந்தபோது கதவை இடித்தார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் இடித்ததே இல்லை. நர்ஸ் கறுப்புத் துணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்னம்மா வாசிச்ச? திருவாதவூர்க்காரிக்கு என்ன வாசிச்ச?”

காகிதத்தைக் கொடுத்தேன். விளக்கடியில் பிடித்துப் படித்தார். “இதுல ஒண்ணுமே இல்லையே!”

பிறகு நர்ஸ் சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இது. சேதி முடிந்ததும் பக்கத்துக் கட்டில் பெண், “ஏத்தா, பாப்பா கேட்டான்னு வரலையே” என்று கேட்டிருக்கிறாள். எதிர்க் கட்டிலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நோயாளியிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். ஆளைத் தேற்றி வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகுதான் சொல்வார்கள். அதுவரை சேதி வரும். எல்லோரும் சௌக்கியம் என்றே வரும். ஆனால் செத்துப்போனவர் கேட்டதாகப் பொய் சொல்ல வாய் வராது. வரிசையில் அந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார். கேட்கிறவர்கள் அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். வார்டில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது.

மணல் பையின் கயிற்றை அவளே அவிழ்த்திருக்கிறாள். இறங்கி, காலை இழுத்துக்கொண்டு, நாலு கட்டில் தூரம் போய் விழுந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொள் என்று சொன்னேன். பிடித்துக்கொண்டாள். இருட்டறையில் படத்தை மருந்திலிருந்து எடுத்து விளக்கில் பார்த்தபோது, எலும்பின் இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. படம் தெளிவாக வந்திருந்தது. நான் எடுத்தவற்றில் அதைவிடத் தெளிவான படம் அதிகம் இல்லை.

உடனே மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும் என்றார் டாக்டர். தள்ளிப் போகிற ஒவ்வொரு நாளும் சதை இறுகிவிடும், கால் குட்டையாகிவிடும். அவள் விடவில்லை.

“என் பிள்ளையே போயிருச்சு. இந்தக் கால வச்சு என்ன செய்ய?”

“பிள்ளை நல்லா இருக்கா. சத்தியமா நல்லா இருக்கா” என்றார் நர்ஸ்.

“ஆமா, அப்படித்தான் சொல்லுவீக. எங்க வீட்டுக்காரரோட அப்பத்தா செத்தப்ப, காச்சல்ல கெடந்த அவருகிட்ட நானும் அப்படித்தானே சொன்னேன்.”

நானும் போனேன். ஐந்து பெயர் விதியைச் சொன்னேன். கட்டம் போட்ட காகிதத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில் பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பட்டுநூல்காரப் பொண்ணு, உங்க வீட்டுல பிள்ளையவிட்டுட்டு மத்தவுகளத்தான் எண்ணுவீகளோ?” என்று கேட்டாள். வார்டில் யாரும் சிரிக்கவில்லை.

பொய் என்று நினைப்பவளிடம் மேலும் மேலும் உண்மையைச் சொன்னால் அது பெரிய பொய்யாகத்தான் ஆகிறது. இதை அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவாதவூர் போனார். ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் வேறு ஊருக்கு வைக்கோல் பாரம் ஏற்றிப் போயிருந்தார். முன்பின் தெரியாத ஆளுடன் குழந்தையை அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம்தான், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடிய பஸ்ஸில் ஏறி, வீட்டுக்காரரும் அண்ணனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குழந்தையை வார்டுக்குள் விட டாக்டர் சம்மதிக்கவில்லை. அம்மை நேரம், இருபது பேர் படுத்திருக்கும் இடம், முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். கேட்டுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்திலும் இல்லை வார்டு. அவளை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோகலாம் என்றால் காலை இன்னொரு தடவை ஆட்ட முடியாது. எக்ஸ்ரே அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அது வார்டுப் பக்கம் போகாமலே இருட்டறைக்கு வரும் வழி. மைக்கில் பேசவிடலாம் என்று நான் கேட்டேன். டாக்டர் எழுந்துபோய் அந்தப் பின்கதவைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “கடைசித் தடவை” என்றார்.

வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். இருட்டு, சிவப்பு வெளிச்சம், மேலே தொங்குகிற எலும்புகள். குழந்தை அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“ஆத்தா அங்க கேட்டுக்கிட்டிருக்கா. ஆத்தான்னு கூப்பிடுத்தா.”

ஒன்றும் இல்லை.

“கூப்பிடுறா செல்லம். முட்டாயி வாங்கித் தாரேன்.”

அண்ணன் தன் பங்குக்கு ஆடு மாதிரிக் கத்திக் காட்டினார். அதுவும் வார்டில் கேட்டிருக்கும். குழந்தை அசையவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. ஒன்றும் வராமலே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. வால்வு சூடேறி இரைந்துகொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய படத்திலிருந்து ஒரு சொட்டு குழந்தையின் கழுத்தில் விழுந்தது. அது அழ ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு முழுத் தொண்டையில்.

நர்ஸ் வார்டில் கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பிறகு சொன்னார். முதல் அழுகைக்கு அவள் தலையை அசைத்தாளாம். “எந்தப் பிள்ளையையோ கிள்ளி அழ வைக்கிறாக” என்றாளாம். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். வார்டு முழுக்க மூச்சுவிடாமல் கேட்டதாம். நடுவில் அழுகை நின்று, மூக்கை இரண்டு தடவை உறிஞ்சி, விக்கி, மறுபடி தொடங்கியபோது, “அவதான்” என்றாளாம். “ரெண்டு தடவை உறிஞ்சிட்டுத்தான் அடுத்த அழுகை அழுவா. அவதான். அழ விடாதீக, நிறுத்தச் சொல்லுங்க.”

நர்ஸ் ஓடிவந்து சொன்னார். நான் சுவிட்சை அணைத்தேன்.

அன்று சாயங்காலமே காலை இழுத்துக் கட்டினார்கள். அவள் மறுக்கவில்லை. மூன்று நாள் தாமதம்.

வீட்டுக்காரர் போவதற்கு முன் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றார். குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது.

“அஞ்சு பேருன்னு நீங்க சொன்னப்பவே பாப்பாவ முதல்ல சொல்லியிருக்கணும் தாயி, மாட்டு அவசரத்துல அவ இப்படி நெனைப்பான்னு தோணல. ஆனா எங்கய்யா இருக்கையில பிள்ளைய முன்னாடி சொன்னா வீட்டுல ஏசுவாக. பெரியவுகதான முதல்ல?” என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஐந்தாவது வரிக்கும் ஆறாவது வரிக்கும் நடுவில் நடந்தது இதுதான். அவர்களுடைய வரிசை வீட்டுப் பெரியவர்களில் தொடங்குவது. கடைசியில் நிற்பது குழந்தை. நான் வெட்டியது கடைசியை.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. டாக்டர் மைக்கைக் கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கோபமாக இல்லை, அசதியாக. ஒரு மாதம் கழித்து ஒரு வால்வு போய்விட்டது. யுத்தத்தில் மாற்று வால்வு கிடைக்கவில்லை. அண்ணன் தன் கடையிலிருந்த பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டார். பாதிச் சத்தம்தான் வருகிறது.

கட்டிலுக்கு ஒரு ஹெட்போன் வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தருக்கான சேதி அந்த ஒருத்தருக்கு மட்டும் கேட்க வேண்டும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாது. என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். யுத்தம் முடியட்டும் என்கிறார் டாக்டர். எதை எடுத்தாலும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் சில நாள் அப்படித்தான் சொல்கிறேன்.

இன்றைய நிலை இது. ஐந்தரையிலிருந்து ஆறு வரை திருச்சி ஸ்டேஷன் மட்டும் வார்டுகளில் கேட்கிறது. அம்மை ஓய்ந்து உறவினர்களை வாரத்தில் இரண்டு நாள் உள்ளே விடுகிறார்கள். மற்ற நாட்களில் சேதியை எழுதி வாங்கி, வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய் வாசிக்கிறேன். எல்லாப் பெயரையும் வாசிக்கிறேன். முடிப்பதற்கு ஏழு மணி ஆகிறது, கால் வலிக்கிறது. திருவாதவூர்க்காரியின் எலும்பு ஒட்டிவிட்டது. இடது கால் இரண்டு விரல்கடை குட்டை. நடக்கிறாள். நடவுக்கு இறங்குவதில்லை.